வெள்ளையடித்த வீட்டிலிருந்து மாட்டுப்பட்டிக்கு

சினிமாப் படிப்பில் மூன்றாம் வருடம் வந்துவிட்டால், என்ன படிக்கிறாய் என்று உறவினர்கள் நம்மிடம் கேட்பதை நிறுத்திவிட்டு அப்பாவிடம் கேட்க ஆரம்பிப்பார்கள். என் அப்பா தபால் ஆபீஸ்காரர், பொய் சொல்லிப் பழக்கமில்லை. "காமிரா சம்பந்தமா... இன்ஜினியரிங் மாதிரி ஒண்ணு" என்பார். அந்த 'மாதிரி'க்குள் அவருடைய மனசாட்சி காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் வருட முடிவில் ஒவ்வொரு மாணவனும் ஒரு குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டினால் பட்டம். காட்டாவிட்டால் அப்பா அந்த 'மாதிரி'யையும் விட்டுவிட வேண்டியதுதான். கல்லூரியில் பிலிமை அளந்துதான் கொடுப்பார்கள். நாட்டிலேயே பிலிம் தட்டுப்பாடு. கெடுத்துவிட்டு வந்து இன்னொரு டப்பா கேட்டால், கேட்டவனைத்தான் டப்பாவில் அடைப்பார்கள்.

என் கதையின் பெயர் 'வேர்'. மழை பொய்த்துப் போன ஒரு உழவன் கந்தல் சட்டையோடு வீட்டை விட்டு இறங்கி, திரும்பிப் பார்த்து, மலையேறித் தேயிலைத் தோட்டக் கூலியாகிறான். கடைசியில் அவன் கண்ணில் ஒரு துளி. வசனமே கிடையாது. வசனம் எழுத எனக்கு வராது என்பதைத் தேர்வாளர்கள் கலைத்துணிச்சல் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருந்தது.

காமிராப் பிரிவில் படித்த ஜெபராஜின் வீடு மலைமேல் மாட்டுப்பட்டி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தது. அங்கே சாப்பாடு இலவசம். விடுதியில் என் அறை நண்பனின் பெரியப்பா ஆறுச்சாமி கொழிஞ்சாம்பாறை பக்கம் விவசாயம் பார்த்தார். அங்கேயும் இலவசம். கலை தன் களத்தை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது.

வாளையார் எல்லைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் வெகுநேரம் நின்றது. பக்கத்து ஆலையின் சிமெண்டுத் தூசி என் புதுத் தாடியில் இறங்கி, ஐம்பது வயது மேதையின் களையைக் கொடுத்தது. ஆறுச்சாமி வீட்டு வாசலில் போய் இறங்கியதும் அவர் மனைவி பாவாத்தாள் ஒரு குடம் தண்ணீரைக் காட்டி, "மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க கண்ணு, ஆளு ஆருன்னே தெரீல" என்றார். மேதைமை அத்தோடு போயிற்று.

ஆறுச்சாமிக்கு ஐம்பது தாண்டிய வயது. பனைமரம் மாதிரி உயரம். காட்டு வேலையில் கறுத்த முகம். பார்த்த உடனே எனக்குக் கிடைத்துவிட்டான் என் உழவன். நண்பனுக்குப் பெரியப்பா என்பதால் நானும் பெரியப்பா என்றே கூப்பிட்டேன். சம்மதித்துவிட்டார். சிக்கல் அதற்கு அப்புறம்தான். சுற்றிலும் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. பாசனக் கனாலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். நெல், நிலக்கடலை, தென்னை என்று பூமி என் கதைக்கு எதிராகச் சதி செய்துகொண்டிருந்தது.

"பெரியப்பா, இங்க வறண்ட நிலம் ஏதாச்சும் இருக்குங்களா?"

அவர் சுற்றிலும் இருந்த பச்சையை நோக்கிக் கையை வீசினார். "ஏனுங்க தம்பி, கலியாண ஊட்டுக்கு வந்து சுடுகாடு எங்கீன்னு கேக்கறாப்பல இருக்குதுங்களே."

ஆனாலும் காட்டினார். பங்காளித் தகராறில் உழாமல் கிடந்த ஒரு கல்லாங்காடு. அங்கே ஒரு மொட்டை மரமும் நின்றது. எங்கள் வகுப்பில் அந்த வருடம் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் மொட்டை மரம் உண்டு. நான் மட்டும் எப்படி விடுவது?

அடுத்து உடுப்பு. அந்த வீட்டில் கந்தல் சட்டையே கிடையாது. கிழிந்தால் உடனே கரித்துணி ஆக்கிவிடுவார் பாவாத்தாள். தேடி அலைந்து, கடைசியில் சோளக்காட்டில் குருவி விரட்ட நிறுத்தியிருந்த பொம்மையின் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தோம். தோளில் ஒரு கிழிசல், முதுகில் காக்கை எச்சம். இப்படியொரு உடையலங்காரத்தை மதராஸில் எந்த ஸ்டூடியோவிலும் தைக்க முடியாது. ஆறுச்சாமி மூக்கைச் சுளித்துக்கொண்டே மாட்டினார். பாவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். நினைப்பதில் நான் எப்போதுமே வேகம்.

அன்றைக்கு எடுத்தது, கந்தல் சட்டையில் அவர் வாசற்படி இறங்கி வந்து, நின்று, திரும்பிப் பார்ப்பது. அவர் பார்க்கும் வீட்டை எடுப்பதற்குள் மேகம் மறைத்துவிட்டது. "வெளிச்சம் போச்சுல. வீடு எங்க ஓடவா போவுது? காலைல எடுப்போம்" என்றான் ஜெபராஜ். அரிசியும் பருப்பும் போட்டுக் கிளறிய சோற்றின் மேல் பாவாத்தாள் ஒரு கரண்டி நெய் விட்டார். போதும் என்றேன். அது அந்த ஊரில் இன்னொரு கரண்டிக்கான சங்கேதம் போலிருக்கிறது. தின்றுவிட்டு எருமை மாதிரி தூங்கினோம்.

காலையில் கண் விழித்து வெளியே வந்தேன். வீடு எங்கும் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே வேறு வீடாகியிருந்தது.

சுவரெல்லாம் பளீரென்று சுண்ணாம்பு. அடியில் செம்மண் பட்டை. வாசலில் தேர் அளவுக்குக் கோலம். மாட்டின் கொம்பில் புது வர்ணம். விடியற்காலையிலேயே ஆள் வைத்து அடித்து முடித்திருக்கிறார்கள். நடுவில் ஆறுச்சாமி முகம் மழித்து, மீசை முறுக்கி, திருநீறு பூசி, கஞ்சி போட்ட வேட்டியில் நின்றார். பக்கத்தில் பாவாத்தாள் பட்டுச்சேலையில். இருவர் முகத்திலும் எங்களுக்குப் பெரிய உதவி செய்துவிட்ட நிறைவு.

சினிமா படிக்காதவர்களுக்கு இதில் என்ன கேடு என்று தோன்றலாம். நேற்று என் உழவன் இற்றுப்போன சுவரைத் தாண்டித்தான் இறங்கினான். இன்று அவன் திரும்பிப் பார்த்தால் கலியாண வீடு தெரியும். நேற்று எடுத்ததை மறுபடி எடுக்கப் பிலிம் இல்லை. வீட்டை எடுக்காமல் விட்டால் அவன் எதைப் பார்க்கிறான் என்றே தெரியாது. என் பட்டம் அந்தச் சுண்ணாம்பில் கரைந்துகொண்டிருந்தது.

"பெரியம்மா, எதுக்குங்க இதெல்லாம்?"

"எதுக்கா? நேத்து நீங்க எடுக்கறப்பவே எனக்கு உசுரு போயிப் போச்சுங்க கண்ணு. சுண்ணாம்பு உதிந்து கெடக்குது, அதயும் சேத்துப் புடிக்கறீங்க. இவுரு பொம்மச் சட்டையப் போட்டுட்டு நிக்கறாரு. நாலு சனம் பாக்கற படத்துல என்ற ஊடு அப்படித் தெரியலாமா?"

அப்போதுதான் முந்தின நாள் அவர் உள்ளே போனது சிரிக்க அல்ல என்று புரிந்தது.

ஆனாலும் பாருங்கள், கலைஞன் லேசில் அடங்குவதில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் கொஞ்சம் சேற்றைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போனேன். பாவாத்தாள் எங்கிருந்தோ வந்து சுவருக்கு முன்னால் நின்றுகொண்டார்.  பட்டுச்சேலையோடு நின்றார், அவ்வளவுதான். நான் சேற்றைக் கீழே போட்டுவிட்டு, அதில் வழுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தேன். ஆறுச்சாமி கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "தம்பிக்கு இப்பத்தான் உடுப்பு சரியா இருக்குதுங்க. நீங்களே நடிச்சுப் போடுங்க."

ஜெபராஜ் வெள்ளை வீட்டை ஒரு தடவை எடுத்தான். "எடுத்து வைப்போம்ல. அப்புறம் வெட்டிக்கலாம்" என்றான். வெட்டினால் அந்த இடத்தில் ஒட்ட வேறு துண்டு வேண்டும் என்பதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் பஸ். எல்லையில் கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சி தாண்டி, உடுமலைப்பேட்டையில் மலை பஸ் பிடித்தோம். ஆறுச்சாமி அதுவரை மலையேறியதில்லை. கஞ்சி வேட்டி கசங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் தன் நிலத்தின் பரப்பை விளக்கிக்கொண்டு வந்தார். மடியில் பாவாத்தாள் இடியாப்பம்போலப் பிழிந்து கட்டிக் கொடுத்த சந்தகைப் பொட்டலம். என் மடியில் காமிராப் பெட்டி. பொம்மைச் சட்டையை டிரைவருக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தோம். மடியில் வைத்துக்கொள்ள ஆறுச்சாமி மறுத்துவிட்டார். "என்ற சட்டைன்னு நெனச்சுக்குவாங்க தம்பி."

பாதி மலையில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. என்ஜின் முன்னால் ஆவி. டிரைவர் ஒன்றும் பதறாமல் இறங்கினார். கையை நீட்டிக் கைக்கு அகப்பட்ட துணியை எடுத்தார். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை அதால் பிடித்துத் திருகினார். எடுத்தது என் உடையலங்காரம். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அதில் துருக்கறையும் இரண்டாவது கிழிசலும் சேர்ந்திருந்தன.

"அண்ணே, அது படத்துல போடுற சட்டை" என்றேன்.

டிரைவர் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம் தம்பி, படம் ஓடுமா?"

பஸ்ஸே ஓடாத இடத்தில் அவர் கேட்ட கேள்வி அது. எல்லோரும் சிரித்தார்கள். ஆறுச்சாமி சந்தகையைப் பிரித்துப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தார். தேங்காய்ப்பால் வாயில் ஊறியதும் எல்லோரும் என் படத்துக்கு நல்ல வாக்குச் சொன்னார்கள்.

எஸ்டேட்டில் ஜெபராஜின் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் ஒன்று. அவன் அம்மா ஞானம்மாள் கொழுந்து கிள்ளும் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். மகனைப் பார்த்ததும், "என்னலே, பட்டணத்துல சோறு போடுதாங்களா இல்ல போட்டா புடிச்சுக் காட்டுதாங்களா?" என்றார். மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். ஆறுச்சாமி மீன் மச்சம் தொடமாட்டார். அவருக்குக் கிழங்கும் தேங்காய்த் துவையலும். "கெழங்குக்கு எரு என்னங்க போடறீங்க?" என்று அவர் கேட்டார். அதன்பின் எங்கள் இரண்டு பேரையும் யாரும் கவனிக்கவில்லை.

காலையில் தேயிலைச் சரிவில் காமிராவை நிறுத்தினோம். கீழே அணை. பனி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மிஞ்சியிருந்த பிலிம் கடைசிக் காட்சிக்கு மட்டும்தான் காணும். ஆறுச்சாமி பொம்மைச் சட்டையில் செடிகளுக்கு நடுவே நின்றார். அவர் அழ வேண்டும். அவரோ அணையைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றார்.

"ஏனுங்க தம்பி, இத்தன வெள்ளமும் சும்மாவா நிக்குது? நம்ம கனாலுக்கு ஒரு மடை திருப்பி உட்டா மூணு போகம் எடுத்துப் போடலாமுங்க."

"பெரியப்பா, சோகமா எதையாச்சும் நெனச்சுக்கோங்க. உங்க அப்பா போனதை நெனச்சுக்கோங்க."

"அவரு கொள்ளுப்பேரன் பாத்துட்டுப் போனாருங்க. மேளம் வெச்சு, பூத்தூவி எடுத்தோம். ஊரே சாப்புட்டுது." அதை நினைத்து இன்னும் மலர்ந்தார்.

வெங்காயம் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். அதற்குள் குளிர்காற்று அடித்தது. இரண்டு கிழிசல் வழியாகவும் அது நுழைந்திருக்க வேண்டும். ஆறுச்சாமியின் பற்கள் தந்தி அடித்தன. முகம் சுண்டியது. அட, இதுதானே வேண்டும் என்று நான் கையை உயர்த்தினேன். ஜெபராஜ் காமிராவை ஓட்டினான். உழவன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான், பனி அவனை மூடுகிறது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

காமிராவின் பார்வைக்குள், பக்கவாட்டிலிருந்து, முதுகில் கொழுந்துக்கூடையோடு ஞானம்மாள் நடந்து வந்தார்.

"படமாவது பாடாவது. மனுசன் வெறச்சுப் போய் நிக்காரு, நாலு படிச்ச பயலுவ வேடிக்க பாக்கியளா?" என்றார். நாங்கள் இரண்டு பேர்தான். கோபத்தில் அவருக்குப் பெருகித் தெரிந்திருக்கிறோம். மழைக்காகத் தலையில் போட்டிருந்த கறுப்புக் கம்பளியை உருவினார். ஆறுச்சாமியின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். கழுத்தடியில் இழுத்து, பிள்ளைக்குச் செருகுவது போல முனையைச் செருகினார். அந்த லயன்களில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கம்பளி வாங்கும் வரை யாராவது ஒருவர் தன்னதைக் கொடுப்பார்களாம். அவருக்குத் தெரிந்த வழக்கம் அது. ஆள் நிஜக் கூலியா, கொழிஞ்சாம்பாறை நிலக்காரரா என்றெல்லாம் அந்தக் கை பார்க்கவில்லை.

"கட், கட்" என்று கத்தினேன். ஜெபராஜ் கேட்கவே இல்லை. கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தான். ஆறுச்சாமி கூச்சத்தோடு கம்பளியைத் தொட்டார். கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஞானம்மாளைப் பார்த்தார். கண் ஓரம் மினுங்கியது. கடகடவென்று சத்தம் கேட்டது. பிலிம் தீர்ந்துவிட்டது.

"ஏன்டா நிறுத்தல?" என்றேன்.

"எங்க அம்மாடா" என்றான் ஜெபராஜ். நான் ஆறுச்சாமியிடம் போனேன்.

"அழுதீங்களா பெரியப்பா?"

"ச்சேச்சே, பனித்தண்ணி அடிச்சுப் போச்சுங்க" என்றார் அவர். இறங்கி வரும்போதும் கம்பளியை எடுக்கவில்லை. ஞானம்மாளும் கேட்கவில்லை.

என் கதை ஓர் உழவன் தன்னந்தனியே அழுவது. கையில் இருந்ததோ வெள்ளையடித்த வீடும், நடுவில் நுழைந்த ஓர் அம்மாவும். தோற்றுவிட்டேன் என்ற முடிவோடு இறங்கினேன். ஆனால் அதையும் கெடுக்க இன்னும் ஒரு வாய்ப்பு வழியில் காத்திருந்தது.

மறையூர் தாண்டினால் சந்தனக்காடு. கீழே இறங்கும் பஸ்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்ப்பார்கள். கனத்த மீசையுடன் ஒரு காவலர் எங்கள் பிலிம் டப்பாவைக் கையில் எடுத்தார். இன்னொரு கையில் பழம்பொரி, எண்ணெய் வடியும் வாழைப்பழ பஜ்ஜி. ஒட்டுநாடா சுற்றிய தகர டப்பா, குலுக்கினால் சத்தமில்லை. சந்தன எண்ணெய்க்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. திற என்றார், மலையாளத்தில்.

"சார், வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும். என் பரீட்சை சார் அது."

"சினிமாவுக்குப் பரீட்சையா? சினிமா பார்க்கத்தானே பரீட்சையை விடுவார்கள்?"

"பாஸ் பண்ணலேன்னா மூணு வருஷப் படிப்பு போச்சு சார்."

பரீட்சை என்றதும் முகம் கொஞ்சம் இளகியது. அவர் மகள் இரண்டாம் தடவையாகப் பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறாளாம். ஆனால் கடமை கடமைதான். ஜெபராஜ்தான் வழி கண்டுபிடித்தான். வெளிச்சம் படாமல் பிலிம் மாற்ற எங்களிடம் ஒரு கறுப்புத் துணிப்பை உண்டு. சட்டைக்கு இருப்பதுபோல அதற்கு இரண்டு கைகள். டப்பாவை உள்ளே வைத்துப் பையைப் பூட்டிவிட்டு, "சார், இதுக்குள்ள கையை விட்டு, திறந்து, தடவிப் பாருங்க" என்றான்.

காவலர் பழம்பொரியின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் முழங்கை வரை நுழைத்தார். கன்று ஈனும் பசுவுக்குப் பிரசவம் பார்ப்பவர் போல மேலே பார்த்தபடி துழாவினார். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. "மூடி... காகிதம்... ஏதோ நாடா மாதிரி" என்று அறிவித்துக்கொண்டே வந்தார்.

அப்போது மேலதிகாரியின் ஜீப் வந்து நின்றது.

காவலரின் உடம்பு தானாக விறைத்தது. வலது கை சல்யூட்டுக்கு எழுந்தது. பையும் கூடவே எழுந்தது. "சார், கையை எடுத்தா என் பரீட்சை போச்சு" என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். எழுந்த கை நடுவழியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். பிறகு கையை மெல்லக் கீழே இறக்கி, கறுப்புப் பையோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"என்ன அது?" என்றார் ஜீப்பில் இருந்தவர்.

"பரீட்சை நடக்கிறது, சார்" என்றார் காவலர்.

அதிகாரிக்குப் புரியவில்லை. புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் என்னைப்போலவே அவருக்கும் இருந்ததால் ஜீப் போய்விட்டது. காவலர் உள்ளேயே மூடியை அழுத்தி மூடினார். ஜெபராஜ் கையை விட்டு இன்னொரு தடவை சரிபார்த்தான். "நல்லா எழுது" என்று காவலர் என் முதுகில் தட்டினார். எழுதி முடித்த பரீட்சை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

தேர்வு நாளில் இருட்டறையில் தேர்வாளர்கள் மூன்று பேர். பின்வரிசையில் நான். கந்தல் உழவன் படியிறங்கித் திரும்பிப் பார்த்தான். வெள்ளை வீடு திரையை நிறைத்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சுண்ணாம்பு அப்படி ஒரு பளீர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் ஞானம்மாள் வந்தார், போர்த்தினார். படம் முடியும் அந்த நொடியில் கம்பளியின் மேலும் பனியின் மேலும் கறுப்பாக ரேகைகள் குதித்தன. பிலிமைக் கடைசி அங்குலம் வரை ஓட்டித் தீர்த்ததால், சுருளின் வெளிச்சுற்றில் காட்சியே இருந்திருக்கிறது. அதில் காவலரின் பழம்பொரி விரல்கள்.

விளக்கைப் போட்டார்கள். தேர்வாளர்களில் மூத்தவர் எடிட்டர். "கஷ்டத்துல ஊரை விட்டுப் போறவன், இறங்கறப்ப இத்துப்போன சுவரு, திரும்பிப் பாத்தா எப்படிப்பா சுண்ணாம்பு?" என்றார்.

நினைவு, கனவு, இழந்த பொற்காலம் என்று ஒரு பெரிய விளக்கத்தை ஆங்கிலத்தில் உருப்போட்டு வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் பாவாத்தாள் பட்டுச்சேலையோடு சுவருக்கு முன்னால் நிற்பதுதான் தெரிந்தது. "அந்த வீட்டம்மா அடிச்சுட்டாங்க சார். வீடு கஷ்டப்பட்டுத் தெரியக்கூடாதுன்னு" என்றேன்.

அவர் தலையாட்டினார். "படத்துலயும் அப்படித்தான் தெரியுது. புருசன் போறது ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு அடிச்சிருக்கா." தாளில் ஏதோ குறித்தார். "அந்தக் கம்பளிக்காரம்மாவும் நல்லா இருந்தாங்க. கடைசியில என்னமோ கறை?"

"அரசாங்க முத்திரை சார்."

பாஸ் போட்டார்கள். நான் இயக்காத இடங்களுக்காக மட்டும் மதிப்பெண் வாங்கிய இயக்குநர் எங்கள் கல்லூரியில் அனேகமாக நான்தான். அப்பா அந்த 'மாதிரி'யை அப்படியே வைத்துக்கொண்டார். குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

விஷயத்தைச் சொல்லக் கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். ஆறுச்சாமி வேகாத வெயிலில் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். சோளக்காட்டுப் பொம்மைக்குச் சட்டை திரும்பியிருந்தது. பாவாத்தாள் தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"ஊடு தெரிஞ்சுதுங்களா கண்ணு?"

"பளிச்சுன்னு தெரிஞ்சுதுங்க பெரியம்மா. அதுலதான் பாஸாச்சு."

"பொறவு, தெரியாமயா போயிரும்?" என்று கணவரைப் பெருமையாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இனி வாறதா இருந்தா முன்னாலயே ஒரு வார்த்த சொல்லிப் போடுங்க. அந்தக் கல்லாங்காட்டு மரத்துக்கும் சேத்து அடிச்சு வெச்சுப் போடறோம்."